வாசலில் திரும்பி நின்ற தாய்

சுங்கை சிப்புட், பேராக், மலேசியா

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருப்பதை அறிந்து நிம்மதியடைந்தேன்.

உளவியல் ஆலோசனைக்காக என்னிடம் வருகிறவர்களுக்கு ஒரு புத்திமதியும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருப்பதற்கா இத்தனை ஆண்டு படித்தாய் என்று கேட்டிருந்தாய். நீ அப்படிக் கேட்பதில் வியப்பில்லை. நாம் வளர்ந்த தோட்டத்தில் கணவன் மனைவிச் சண்டை முற்றினால், கோயில் வாசலில் பெரியவர்கள் கூடி விசாரித்து, "பிள்ளைகள் முகத்தைப் பார்த்து அனுசரித்துப் போம்மா" என்று முடித்துவைப்பார்கள். அதற்குமேல் உதவி தேடினால், தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம்; 1911 முதல் அங்கிருக்கும் மனநல மருத்துவமனையின் பெயரை நாம் வசைச்சொல்லாகவே அறிந்திருந்தோம்.

புத்திமதி சொல்லாமல் கேட்கும் இந்த ஆலோசனை முறையை வகுத்த அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ், 1928 முதல் 1940 வரை ரோசெஸ்டர் நகரில் குழந்தைகளுக்கான நிலையத்தில் பணியாற்றினார். அடங்காத மகனைப் பற்றிப் பேச வந்த ஒரு தாயிடம், சிக்கலின் வேர் அவர் மகனை ஒதுக்கியதில் இருக்கிறது என்று உணர்த்தப் பலமுறை முயன்றும் பயனில்லாமல், இருவரும் சந்திப்புகளை முடித்துக்கொள்ள ஒப்பினர். வாசல்வரை சென்ற அந்தத் தாய் திரும்பி, பெரியவர்களுக்கும் இங்கே ஆலோசனை உண்டா என்று கேட்டு, மீண்டும் அமர்ந்து, தன் மணவாழ்வின் துயரத்தைக் கொட்டினார். எங்கே வலிக்கிறது என்பது வலிப்பவருக்கே தெரியும் என்பதை அவரிடமிருந்தே ரோஜர்ஸ் கற்றார். 1957இல் எழுதிய கட்டுரையில் ஆலோசகரிடம் இருக்க வேண்டியவையாக அவர் வலியுறுத்தியவை: பொய்முகமில்லாத நேர்மை, நிபந்தனையில்லாத மதிப்பு, பிறர் துயரை அவர் இடத்திலிருந்தே உணர்வது.

பேரதிர்ச்சிக்கு ஆளானவரிடம் இதன் அருமை எனக்கு நன்றாகப் புரிகிறது. ஒருவரையும் அடையாளம் காட்டாமல் பொதுவாகவே சொல்கிறேன். வெளியே மோட்டார் சைக்கிள் நிற்கும் சத்தத்துக்கே உடல் விறைத்துப்போகும் பெண்ணைக் கணவர், தன்னை வெறுப்பதாக எண்ணி விலகுகிறார். அவளோ பழைய ஆபத்து இன்னும் முடியவில்லை என்று நம்பும் உடலோடு போராடுகிறாள். அவளுடைய விருப்பம் கேட்கப்படாமல் நடந்ததே அவளுக்கு நேர்ந்த கொடுமை. அதை எப்போது சொல்வது, எவ்வளவு சொல்வது என்பதையும் நானே தீர்மானித்தால், அதே தவற்றை இன்னொரு முறை செய்தவளாவேன். மூன்று வாரம் அவள் கறி விலையைப் பற்றி மட்டும் பேசினாலும் நான் அவசரப்படுத்துவதில்லை.

ஆனால் கேட்பது மட்டுமே எல்லாவற்றுக்கும் போதும் என்று நான் நினைக்கவில்லை. பழைய காட்சிகள் கண்முன் மீண்டும் மீண்டும் வந்து தூக்கத்தைக் கெடுத்தால், அதற்கென உள்ள சிகிச்சையும் சிலருக்கு மருந்தும் வேண்டும். வீட்டில் அடி உதை இன்னும் நடந்துகொண்டிருந்தால், கணவனையும் மனைவியையும் ஒரே அறையில் அமர்த்திப் பேசவைப்பது ஆபத்து. முதலில் அவள் பாதுகாப்பு. அதற்காகவே 1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது.

"தங்கையை அழைத்து வருகிறேன், நீயே அவளுக்கு எடுத்துச் சொல்" என்று எழுதியிருந்தாய். அவளைச் சிறுமியாய் இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். ஆலோசகராக அவள் எதிரே அமர்வது முறையன்று. ஈப்போவில், 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி பதிவுபெற்ற ஆலோசகரான ஓர் அம்மையாரின் தொலைபேசி எண்ணைத் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அதை அவள் கையில் கொடு. எப்போது அழைத்தாய் என்று மட்டும் கேட்காதே.

என்றும் அன்புடன்,
உன் தோழி