பின்வாசல் சாவி

அண்ணே,

பள்ளி வாசலில் பிள்ளைகள் பத்திரமாகச் சாலையைக் கடக்க வழி கேட்டுப் போட்ட மனுவில் முதல் கையெழுத்து என்னுடையதுதான். திங்கட்கிழமை சிவகங்கை குறைதீர் நாளில் கொடுத்தாகிவிட்டது. உங்களிடம் முன்கூட்டியே சொல்லாதது தப்பு, மன்னியுங்கள். சொன்னால் ஒரு அதட்டுப் போடுவீர்கள், நானும் வழக்கம்போல் அடங்கிவிடுவேன். நாலு பேர் படிக்கிற இடம் என்பதால் தெருவையும் பள்ளியையும் எழுதவில்லை.

அந்த மழைச் சாயங்காலம் கண்ணைவிட்டுப் போகவில்லை. குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வந்த பிள்ளை, காரை ஏற்ற நடைபாதையில் நீங்கள் போட்ட வாசல் சரிவைச் சுற்றித் தார்ச்சாலையில் இறங்கியது. பைவாரைப் பிடித்து இழுத்தது நீங்கள். லாரி போன பிறகும் உங்கள் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த வாரமே சொந்தச் செலவில் வேகத்தடை போட்டீர்கள். மாலைகூடப் போட்டார்கள்.

அந்தத் தடை சரியில்லை, அண்ணே. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். இரண்டடி அகலம், அரையடி உயரம். அது தடையில்லை, குட்டிச்சுவர். சாலைகளுக்கு விதிமுறை வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்திய சாலை காங்கிரஸ் சொல்லும் அளவு வேறு: சாலை போகும் திசையில் 3.7 மீட்டர், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆர வளைவு. 25 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவன் குலுங்காமல் கடப்பான்; அதற்கு மேல் வந்தால்தான் தூக்கிப் போடும். 40 மீட்டர் முன்னாலேயே எச்சரிக்கைப் பலகை வேண்டும். உங்கள் தடையில் கார்க்காரன் திடீரென்று பிரேக் போடுகிறான், பின்னால் வரும் பைக் ஓரத்து இடைவெளியில் நுழைகிறது. மழைத்தண்ணீர் ஊருணிக்கு ஓட அந்த இடைவெளியை விட்டீர்கள், அது நியாயம்தான். ஆனால் பிள்ளைகள் நடப்பதும் அதில்தானே? முழங்கால் உயரக் கல் ஒன்றை அங்கே நட்டிருந்தால் பைக் நுழையாது, தண்ணீரும் ஓடும்.

மனுவில் கேட்டிருப்பது, பள்ளி வாசலுக்கு நேரே, நடந்து கடப்பதற்கான வரிக்கோடு (ஜீப்ரா கிராசிங்) போடும் இடத்தையே 10 சென்டிமீட்டர் தூக்கி, தட்டையான மேடாகப் போடச் சொல்லி. சாதாரண பெயிண்ட் சீக்கிரம் தேய்ந்துவிடும். பொடிக் கண்ணாடி மணி தூவிய, உருக்கி ஊற்றும் தெர்மோபிளாஸ்டிக் கோடு ராத்திரியிலும் மின்னும். 7 மீட்டர் சாலையைக் கடக்கச் சின்னப் பிள்ளைக்கு 7 விநாடியாவது ஆகும். 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி அதற்குள் 97 மீட்டர் வந்துவிடும். வாசலில் நிற்கும் உங்கள் கார் ஒன்றரை மீட்டர் உயரம். ஏழு வயதுப் பிள்ளை 1.2 மீட்டர்தான். பிள்ளைக்கு வண்டி தெரியாது, வண்டிக்காரனுக்குப் பிள்ளை தெரியாது.

இவ்வளவையும் அரசாங்கம் செய்தாலும் உங்கள் சரிவு இருக்கிறவரை வீண். நடைபாதைக்குத் தடையில்லாமல் 1.8 மீட்டராவது வேண்டும். அதில் நாலடியை உங்கள் காங்கிரீட் தின்றுவிட்டது. பிள்ளையைக் காப்பாற்றினீர்களே, யாரிடமிருந்து? கோபம் வரும், வரட்டும்.

முகப்பிலிருந்து பின்கட்டு வரை இரண்டு தெருவுக்கு நீளும் வீடு உங்களுடையது. பின்தெருவில் பள்ளியும் இல்லை, லாரியும் இல்லை. அங்கே கேட்டுக்கு உள்ளேயே சரிவு கொடுக்க இடம் இருக்கிறது. கொத்தனாரிடம் பேசிவிட்டேன், ஜல்லியும் மணலும் என் பொறுப்பு. ஆச்சியிடமும் சொல்லியாயிற்று. பின்வாசல் சாவியைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.