விண்ணப்பத்துக்கு முன்னால் இரண்டு கிழமை

கிழக்கு மாகாண சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். திருகோணமலையிலிருந்து ஒரு தாதிய உத்தியோகத்தர் எழுதுகிறேன். உங்கள் அலுவலகமும் இதே ஊரில்தான், நேரில் வந்தே சொல்லியிருக்கலாம். ஆனால் உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் காத்திருக்கும் பிள்ளைகளும் பெற்றோரும் இதை வாசித்தால் நல்லது என்று தோன்றியது.

கேட்பது ஒன்றுதான். தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்க நினைக்கும் பிள்ளையை, அதற்கு முன் இரண்டு கிழமையாவது ஒரு வைத்தியசாலை வாட்டுக்குள் விடுங்கள்.

பயிற்சிக்குப் போகுமுன் எட்டு மாதம் நான் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தேன். ஆசைப்பட்டுப் போகவில்லை, வீட்டில் காசு முட்டு. பாரிசவாதம் வந்த ஐயா ஒருவர் அங்கே இருந்தார், மூதூர்ப் பக்கம் வள்ளம் ஓட்டியவர். முதல் நாள் அவருக்குக் கஞ்சி கொடுக்கச் சொன்னார்கள். படுத்திருந்தவரின் வாயில் அப்படியே கரண்டியை வைத்துவிட்டேன். புரையேறி, கண் பிதுங்கி, மனிதர் தவித்துப் போனார். அங்கே பழைய ஆளான அக்கா ஓடி வந்து அவரை நிமிர்த்தினார். ஏசவில்லை. “நேரா இருத்திப்போட்டுக் குடு பிள்ளை. வழங்காத பக்கம் வையாதை, நல்ல பக்கம் வை. தொண்டை ஏறி இறங்கினதைப் பாத்துப்போட்டு அடுத்த கரண்டி.”

பிறகு வகுப்பில் இதே பாடம் வந்தது. மற்றவர்கள் குறிப்பெடுத்தார்கள். எனக்கு அந்த ஐயாவின் தொண்டைதான் தெரிந்தது.

என்னோடு பயிற்சிக்குச் சேர்ந்த ஒருத்திக்கு இசட் புள்ளி, அதாவது உயர்தரப் பெறுபேற்றை ஒப்பிடும் புள்ளி, என்னைவிட எவ்வளவோ கூட. வாட்டுக்குப் போன முதல் கிழமையே கையில் நோயாளியின் மலசலத் தட்டோடு (பெட்பான்) நின்று அழுதாள். சில மாதத்தில் விட்டுவிட்டுப் போய்விட்டாள். அவளைக் குறை சொல்லமாட்டேன், கெட்டிக்காரி. சேருமுன்னே ஒரு கிழமை பார்த்திருந்தால் அவளுக்கும் அந்த மாதங்கள் மிஞ்சியிருக்கும், அந்த இடமும் இன்னொரு பிள்ளைக்குப் போயிருக்கும்.

அமெரிக்காவில் சில நேர்சிங் கல்லூரிகள், சேருமுன்பே உதவித் தாதிச் சான்றிதழ் வைத்திருக்கச் சொல்கின்றன. அந்தச் சான்றிதழுக்கு அவர்களுடைய மத்திய சட்டம் கேட்பது குறைந்தது 75 மணித்தியாலப் பயிற்சி, அதில் 16 மணித்தியாலம் மேற்பார்வையோடு செய்முறை. நாங்கள் அவ்வளவுக்குப் போக வேண்டாம். ஆனால் 75 மணித்தியாலம் என்பது இரண்டு கிழமைக்குள் அடங்கும் கணக்குத்தான்.

எங்கள் மாவட்டத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. இங்கே ஒரே வாட்டில் அடுத்தடுத்த கட்டில்களில் தமிழும் சிங்களமும் கேட்கும். “ரிதெனவாத?”, அதாவது நோகிறதா என்று கேட்க, எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லித் தரவில்லை. இரவு வேலையில் ஒரு சிற்றூழியர் சொல்லித் தந்தார். டெங்குக் காலமும் அப்படித்தான். 2017இல் எங்கள் மாவட்டத்துக் கிண்ணியாவை டெங்கு உலுக்கியபோது, நோயாளி எவ்வளவு குடித்தார், எவ்வளவு சிறுநீர் போனது என்று அளந்து எழுதுவதே பாதி வைத்தியமாக இருந்தது. அந்த அளவுக் கோப்பையை ஒருமுறை கையில் பிடித்த பிள்ளைக்கு, அந்த அட்டவணை வெறும் கட்டங்களாகத் தெரியாது.

அனுபவம் எல்லாம் நல்லது என்றும் சொல்லவரவில்லை. நாடியைப் பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்கும் அவசரப் பழக்கத்தோடுதான் நான் பயிற்சிக்குப் போனேன். இதயத் துடிப்பு ஒழுங்கில்லாதவருக்கு அந்தக் கணக்குப் பிழையாகிவிடும், முழு நிமிடமும் எண்ணு என்று ஆசிரியை என்னை நிறுத்தி நிறுத்தித் திருத்தினார். ஆகவே பிள்ளைகளைச் சும்மா உள்ளே தள்ளிவிடக் கூடாது. பக்கத்தில் ஒரு தாதி நிற்க வேண்டும். ஊசி, மருந்து, இரத்தம் எதையும் தொடக் கூடாது. வாட்டில் கண்டதை வெளியில் கதைக்கக் கூடாது, போனில் படமெடுப்பது அறவே கூடாது. அப்புறம் முக்கியமாக, ஆள் பற்றாக்குறையை நிரப்பும் சம்பளமில்லாத வேலையாக இது மாறிவிடக் கூடாது. அப்படி மாறுமென்றால் இந்த யோசனையே வேண்டாம்.

பெரிய திட்டமாக்கி இழுக்க வேண்டாம். ஒரு வைத்தியசாலை, ஒரு வாட்டு, நாலு பிள்ளைகள் போதும். சொல்லிக் கொடுக்க ஆள் தேவையென்றால் என் லீவு நாட்களில் நான் வருகிறேன். முதல் நாள், நோயாளி படுத்திருக்கும்போதே விரிப்பை மாற்றுவது எப்படி என்பதிலிருந்து தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஒரு தாதிய உத்தியோகத்தர்,
திருகோணமலை