இந்த மாதம் பணம் கொஞ்சம் குறையும், அம்மா

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீயும் அப்பாவும் நலமா? தம்பி, இதை அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக்காட்டு, அவசரத்தில் நாலு வரியைத் தாண்டாதே. போனில் காசுப் பேச்சு வந்தாலே எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

தடைக்காலம் முடிந்து படகெல்லாம் கடலுக்குப் போயிருக்கும். அப்பா இந்தத் தடவையாவது ஐஸுக்குக் கடன் சொல்லாமல் போனாரா? இங்கே சிங்கப்பூரில் பதினோராவது மாடியில் இருக்கிறேன். கடற்கரை பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான், போய்ப் பார்த்தால் கப்பல் கப்பலாக வரிசையில் நிற்கிறது, ஒரு வள்ளம் கிடையாது, கருவாட்டு வாடை கிடையாது. தேக்கா சந்தையில் நெத்திலி விற்கிறார்கள், அதற்கு இங்கே ஐக்கான் பிலிஸ் என்று பேர். விலையைச் சொன்னால் நீ என்னைத்தான் திட்டுவாய்.

ஏஜெண்ட் கடன் போன மாதத்தோடு தீர்ந்தது. இப்போது இருக்கும் வீட்டில் வேலை கஷ்டமில்லை. நான் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கு 86 வயது, முட்டி மடங்காது, வாய் மட்டும் ஓயாது. காலையில் ரேடியோவில் ஒலி 96.8, மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் டிவியில் யூடியூப் போட்டுப் பழைய படம். வந்த மூன்றாம் நாளே என்னிடம், "உனக்கு சாவித்திரி பிடிக்குமா, பானுமதி பிடிக்குமா?" என்று கேட்டார். நான் யோசிக்காமல் சாவித்திரி என்றேன். 64 தனுஷ்கோடிப் புயலின்போது சாவித்திரியும் ஜெமினியும் ராமேஸ்வரத்தில் இருந்தார்கள் என்று அப்பத்தா சொல்லிச் சொல்லியே வளர்ந்தவள் வேறு என்ன சொல்வேன்? பாட்டிக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. அன்று மதியம் என்னோடு பேசவே இல்லை.

மறுநாள் பாட்டியே ஆரம்பித்தார். மிஸ்ஸியம்மா படத்தில் சாவித்திரி நடித்த வேஷம் முதலில் பானுமதிக்குத்தானாம். சில ரீல்கூட எடுத்தாகிவிட்டது. ஒரு நாள் வரலட்சுமி நோன்பு முடித்துவிட்டு மதியம்தான் செட்டுக்கு வந்தார், தயாரிப்பாளர் மன்னிப்புக் கடிதம் கேட்டார், பானுமதி முடியாது என்று எழுந்து போய்விட்டார். எடுத்ததை எல்லாம் தூக்கிப்போட்டு, இரண்டாவது நாயகியாக இருந்த சாவித்திரிக்கு அந்த வேஷத்தைக் கொடுத்தார்கள். நாடோடி மன்னனிலும் அதே கதைதான். எம்ஜிஆர் எடுத்த காட்சியையே திரும்பத் திரும்ப எடுக்கிறார் என்று பாதியில் விலகிக்கொண்டார், அதனால்தான் படத்தில் அவர் பாத்திரம் நடுவிலேயே செத்துப்போகிறது, அப்புறம் சரோஜாதேவி வருகிறார். சரி, சொந்தமாக ஸ்டூடியோ வைத்திருப்பவருக்கு வீம்பு கட்டுப்படியாகும். நான் ஏஜெண்டிடம் அப்படிப் பேசியிருந்தால் மறுநாளே விமானத்தில் ஏற்றியிருப்பார்கள். பாட்டியிடம் இதைச் சொல்லவில்லை.

உனக்குப் பானுமதியைத் தெரியும் அம்மா. கல்யாணத்துக்கு முன்னால் செம்பருத்தி பார்த்தேன் என்பாயே, அதில் பிரசாந்துக்குப் பாட்டியாக வருவாரே, அவர்தான். ரோஜா மீனவப் பொண்ணாக வரும் படம். எனக்கும் அந்த முகம்தான் தெரியும். அந்தப் பாட்டிக்குள் இவ்வளவு பேர் இருந்தது இங்கே வந்துதான் தெரிந்தது.

ஆந்திராவில் ஓங்கோல் பக்கம் தொட்டவரத்தில் 1925-ல் பிறந்தவர். பாட்டுச் சொல்லிக்கொடுத்தது அப்பா. 1939-ல் முதல் படம், அப்போது சின்னப் பெண். 1943-ல் உதவி இயக்குநராக இருந்த ராமகிருஷ்ணாவைக் காதலித்துக் கட்டிக்கொண்டு, இனி நடிப்பு வேண்டாம், குடும்பம் போதும் என்று வீட்டில் உட்கார்ந்துவிட்டார். விட்டார்களா? இரண்டே வருஷத்தில் ஸ்வர்க்கசீமா என்ற தெலுங்குப் படத்துக்குக் கூப்பிட்டுப் போய்விட்டார்கள். அப்புறம் புருஷனும் பெண்டாட்டியுமாகக் கம்பெனி தொடங்கினார்கள், மகன் பரணி பேரில் ஸ்டூடியோ கட்டினார்கள். 1953-ல் சண்டிராணி என்று ஒரு படம், தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றிலும். அதில் இரட்டை வேஷம் போட்டு நடித்ததும் இவர், பாடியதும் இவர், இயக்கியதும் இவர். மூன்று மொழியிலும்! நான் பாட்டிக்குக் கஞ்சி வைத்துக்கொண்டே துணி மடித்தால் கஞ்சி பொங்கிவிடுகிறது.

இன்னும் இருக்கிறது. தன் படங்களுக்கு இசையமைத்திருக்கிறார். மாமியார் மருமகள் சண்டையை வைத்துத் தெலுங்கில் சிரிப்புக் கதைகள் எழுதியிருக்கிறார், அதற்குப் பரிசும் வாங்கியிருக்கிறார். 1966-ல் பத்மஸ்ரீ. எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்: எந்த எம்ஜிஆர் படத்திலிருந்து கோபித்துக்கொண்டு போனாரோ, அந்த எம்ஜிஆர் முதலமைச்சராக இருந்தபோதுதான் சென்னை அரசு இசைக் கல்லூரிக்கு இவர் முதல்வரானார். 2005-ல் காலமாகும்போது வயது 80.

போன வாரம் அலிபாபாவும் 40 திருடர்களும் போட்டார் பாட்டி. தமிழில் முதல் முழுநீளக் கலர் படம், 1956. பானுமதி ஆடிப் பாடும் இடம் வந்ததும் ரிமோட்டைப் பிடுங்கி நிறுத்தி, "அந்தக் கண்ணைப் பாரு, கொஞ்சுகிற கண்ணா அது? எதிரே இருப்பவனை எடை போடுகிற கண்ணு" என்றார். உண்மைதான் அம்மா. மீன் ஏலத்தில் வியாபாரி விலையைக் குறைத்துக் கேட்டால் நீ ஒரு பார்வை பார்ப்பாய், அது மாதிரி.

பாட்டியிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். நீ விரலில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, பாறைக்கு அடியில் மூச்சுப் பிடித்து மரிக்கொழுந்துப் பாசி பிடுங்குவது, கரைக்கு வந்ததும் கருவாடு காயப்போடுவது, ராத்திரி வலை பொத்துவது, நடுவில் ஓலைப்பெட்டி முடைவது. எல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டார். எனக்கு வந்த கோபம்! ஆனால் என்ன பதில் சொல்வது? சமைப்பேன், துடைப்பேன், பாட்டியைத் தூக்கி உட்கார வைப்பேன். அவ்வளவுதான்.

விஷயத்துக்கு வந்துவிட்டேன். தம்பி, இங்கே மெதுவாகப் படி. ஞாயிற்றுக்கிழமை லீவில் தையல் வகுப்பில் சேர்ந்துவிட்டேன். எட்டு வாரம். பணம் கட்டியாகிவிட்டது, உன்னைக் கேட்காமல் கட்டினேன், அதனால் இந்த மாதம் ஆறாயிரம் ரூபாய் குறைவாக வரும். சீட்டுக்கு மட்டும் முதலில் கட்டிவிடு, மளிகைக் கடைக்கார அண்ணன் ஒரு மாதம் பொறுப்பார். பாட்டியின் மகளிடம் முன்பணம் கேட்கலாம்தான், எனக்கு வாய் வரவில்லை.

முதல் வாரம் ஜாக்கெட்டின் இடது கையை உள்வெளியாக வைத்துத் தைத்துவிட்டேன். பிரிக்க ஒரு மணி நேரம் ஆனது. டீச்சர் பிலிப்பைன்ஸ்காரர், நான் தமிழில் புலம்பியதைக் கேட்டு அவரும் அவர் பாஷையில் ஏதோ சொல்லிச் சிரித்தார். இரண்டாவது வாரம் கை ஒழுங்காக உட்கார்ந்தது, கழுத்துதான் ஒரு பக்கம் இழுக்கிறது.

பக்கத்து வீட்டு அத்தை அடுத்த மாதம் மகளைப் பார்க்க இங்கே வருகிறார் இல்லையா, அவரிடம் உன் அளவு ஜாக்கெட் ஒன்று கொடுத்துவிடு. அந்த நீலம் சரியாக இருக்கும். விரலுக்குச் சுற்றக் கையைக் கிழித்து வைத்திருக்கிறாயே பச்சை, அதை அனுப்பிவிடாதே.

அன்புடன்,
உன் மகள்