மேடைல வீடியோ ஓட்டறது ப்ளே பட்டன் அமுக்கற வேலை இல்லீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல நாடகம் பத்தி வந்த கட்டுரைல, இப்பல்லாம் செட்டு போடற வேலையே கிடையாது, கம்ப்யூட்டர்ல வீடியோவப் போட்டு விட்டா அரண்மனையும் வந்துடும் கடலும் வந்துடும்ங்கற மாதிரி ஒரு வரி இருந்துச்சு. எழுதினவர் மேல கோவம் இல்ல, சபாக்காரங்களும் இதத்தான் சொல்றாங்க, டைரக்டருங்க சில பேர் கூட. ஆனா அந்த "போட்டு விடற" ஆளு நான், சென்னைல நாடகங்களுக்கு ரெண்டு மூணு புரொஜெக்டர் வச்சு வீடியோ ஓட்டறதுதான் பொழப்பு, அதனால சொல்லிக்கறேன்.

மேடை முழுக்க கடல் வேணும்னா ஒரு புரொஜெக்டர் பத்தாது. தூரத் தள்ளி வச்சு படத்த ரெண்டு மடங்கு பெருசாக்கினா அகலம் உயரம் ரெண்டுமே கூடும், வெளிச்சம் நாலுல ஒரு பங்காயிடும். அதனால ரெண்டு புரொஜெக்டர பக்கத்துல பக்கத்துல வைக்கறோம். ஓரத்தோட ஓரம் ஒட்டி வச்சா நடுவுல கோடு தெரியும், யாராவது தொம்முனு குதிச்சா கோடு பொளந்துக்கும், அதனால ஒண்ணு மேல ஒண்ணு கொஞ்சம் ஏத்தி அடிச்சு, ஏறின இடத்துல ரெண்டோட வெளிச்சத்தையும் படிப்படியா குறைப்போம், ப்ளெண்டிங்னு பேரு. 20% ஏத்தினா ஒரு புரொஜெக்டரோட அகலம் 1920 பிக்ஸல்ல (படத்தோட புள்ளிங்க) 384 அதுக்கே போயிடும், ஆக மொத்தப் படத்தோட அகலம் 3840 இல்ல, 3456தான். ஒரு புராண நாடகத்துக்கு இந்தக் கணக்க எடிட்டர் தம்பிகிட்ட யாருமே சொல்லல, அவர் 3840ல பண்ணி ஷோ அன்னிக்கு மத்தியானம் பென்டிரைவ்ல கொண்டு வந்தாரு. அமுக்கி உள்ள நுழைச்சா அம்மன் மூஞ்சி ஒடுங்கிப் போச்சு, ஓரத்த வெட்டினா துவாரபாலகர்ல ஒருத்தர் பாதி காணோம். துவாரபாலகரத்தான் விட்டுக்கொடுத்தோம்.

ஏறின இடத்துல வெளிச்சத்த குறைக்கறதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. கம்ப்யூட்டர் அனுப்பற சிக்னல பாதியாக்கினா வெளிச்சம் பாதியாகாது, கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்குதான் வரும், ரெண்டு புரொஜெக்டரையும் கூட்டினாலும் பத்தாம நடுவுல இருட்டா ஒரு பட்டை நிக்கும். பாதி வெளிச்சம் வேணும்னா சிக்னல் 73% கிட்ட இருக்கணும். அது சரியாச்சுன்னா ராத்திரி சீன்ல வேற வம்பு வரும். புரொஜெக்டருக்கு கறுப்பு அடிக்கவே தெரியாதுங்க, கறுப்புன்னு அது அனுப்பறது லேசான சாம்பல், ஏறின இடத்துல அந்த சாம்பல் ரெண்டு மடங்கு, அதனால இப்ப நடுவுல வெளுத்த பட்டை! மத்த இடத்தையும் கொஞ்சம் வெளுக்க வச்சுதான் சமாளிக்கணும். இத கும்மிருட்டுலதான் பாக்க முடியும். ஆனா ஹால் சாவி கைக்கு வர்றதே 2 மணிக்கு, ஷோ 6.30க்கு, நாங்க இருட்டு கேக்கற நேரத்துலதான் லைட்காரர் ஏணி மேல நின்னு லைட்ட திருப்புவாரு, கீழ ஆசாரி ஆணி அடிச்சிட்டிருப்பாரு, சவுண்டுக்காரர் ஹலோ ஹலோங்கறாரு. அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது, அவங்களுக்கும் அதே நாலரை மணி நேரம்தான்.

இதெல்லாம்கூட மெஷின் வேலை, பழகினா வந்துடும். நிஜமான கஷ்டம் எங்கன்னா, நடிகர் ஒவ்வொரு ஷோவுக்கும் ஒரே மாதிரி பேச மாட்டாரு. மயிலாப்பூர்ல கைத்தட்டு விழுந்த எடத்துல தாம்பரத்துல விழாது. கைத்தட்டு விழுந்தா அவர் நிறுத்தி, ரசிச்சு, அப்பறம்தான் அடுத்த டயலாக். ரெக்கார்ட் பண்ணின வீடியோக்கு அது தெரியாது, அது பாட்டுக்குப் போயிட்டே இருக்கும், அவர் "மழை நின்னுடுச்சு"ன்னு சொல்றதுக்கு முன்னாடியே வெயில் அடிச்சிடும். அதனால மழை சீன ஒரே ஃபைலா பண்ணாம மூணு துண்டா பண்ணணும், மழை ஆரம்பிக்கறது ஒண்ணு, எங்க தொடங்குது எங்க முடியுதுன்னே தெரியாம சுத்திட்டே இருக்கற மழை ஒண்ணு, மழை விடறது ஒண்ணு. நடுத் துண்டு சுத்திட்டே இருக்கும், நடிகர் அந்த வார்த்தைய சொன்னதும் நான் மூணாவதுக்குப் போவேன். க்யூலேப், ரெசொல்யூம் மாதிரி சாஃப்ட்வேர்ல இது நிமிஷ வேலை, ஆனா வீடியோ அப்படி வெட்டி வந்திருக்கணுமே, ஒரே ஃபைலா வந்தா நான் என்னத்தப் பண்றது.

ஃபைலும் வாட்ஸப்ல வர்ற மாதிரி எச்.264ங்கற கோடெக்ல, அதாவது வீடியோவ சுருக்கி வைக்கற முறைல, இருந்தா கஷ்டம். அதுல ஒவ்வொரு ஃப்ரேமும் முழுசா இருக்காது, முந்தினதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னுதான் பெரும்பாலும் எழுதி வச்சிருக்கும், நடுவுல தாவினா பழசையெல்லாம் கணக்குப் போட்டு வர்றதுக்குள்ள படம் திக்கும். அதனால ஹேப் மாதிரி ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்தனியா நிக்கற கோடெக்ல மாத்துவோம். 3456 அகலத்துக்கு ஒரு நிமிஷமே ரெண்டு ஜிபிக்கு மேலகூட போகும், நல்ல எஸ்எஸ்டி, அதாவது வேகமா படிக்கற டிஸ்க், இல்லாம ஓடாது. மாத்தறதுக்கே ஒரு ராத்திரி வேணும், மத்தியானம் பென்டிரைவ்ல வந்தா எங்க போறது?

இந்த சமாச்சாரம் புதுசும் இல்ல. 1927லயே பெர்லின்ல எர்வின் பிஸ்காடர்ங்கற ஜெர்மன் நாடக டைரக்டர் நாடகத்துக்குள்ள சினிமா ஓட்டியிருக்காரு. 1958ல ப்ரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சில செக் நாடகக்காரங்க ராதோக்கும் ஸ்வபோதாவும் லேட்டர்னா மாகிகான்னு, திரைல இருக்கற ஆளும் மேடைல இருக்கற ஆளும் சேர்ந்து ஆடற மாதிரி பண்ணினாங்க. ஆனா அன்னிக்கு ஃபிலிம் ஓட ஆரம்பிச்சா நிக்காது, நடிகர்தான் அதுக்கு ஈடுகொடுத்து ஓடணும். இன்னிக்குதான் வீடியோவ நடிகருக்காக காத்திருக்க வைக்க முடியுது, அத விட்டுட்டு நாம மறுபடி நடிகர ஃபைல் பின்னாடி ஓட விடறோம்ங்கறதுதான் என் வயித்தெரிச்சல். நம்ம ஊர்ல ஆர்.எஸ். மனோகர் நாடகத்துக்கு தந்திரக் காட்சி பாக்கவே கூட்டம் போச்சே, அதெல்லாம் ஷோ அன்னிக்கு மத்தியானமா தயாராச்சு?

எல்ஈடி வால் வச்சுட்டா ப்ளெண்டிங் தலைவலியே இல்லியேன்னு கேப்பாங்க. வாஸ்தவம்தான், கல்யாண ரிசப்ஷனுக்கு அருமை. நாடகத்துல முதுகுக்குப் பின்னாடி அவ்ளோ வெளிச்சம் எரிஞ்சா நடிகர் மூஞ்சி கறுத்து நிழலாத்தான் தெரியும், குறைச்சு வைங்கன்னா வாடகைக்காரங்க ஏதோ அவங்கள திட்டின மாதிரி பாக்கறாங்க.

நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. ஷோ அன்னிக்கு சாவிய காலைலயே குடுங்க. ரிகர்சல் ஆரம்பிச்ச வாரமே எங்களையும் ஒரு மூலைல உக்கார விடுங்க, யாரு எங்க நிக்கறாங்கன்னு தெரிஞ்சாதான் புரொஜெக்டர எந்த உயரத்துல மாட்டினா அவங்க நிழல் கடல் மேல விழாதுன்னு பாக்க முடியும். அப்பறம் உங்க நிருபர் அடுத்த நாடகத்துக்கு வரும்போது 6.30க்கு வராம 2 மணிக்கே வரச் சொல்லுங்க சார், ஏணி பிடிக்க எப்பவும் ஒரு ஆள் கொறையுது.

இப்படிக்கு,
ஒரு மேடை வீடியோ ஆபரேட்டர்,
சென்னை