விமானம் வராத விமானக் கொட்டகை

அன்புள்ள முருகேசனுக்கு,

உன் கடிதங்களுக்குப் பதில் போடாததற்காக நீ என்னைத் திட்டித் தீர்த்ததை ராஜாமணி ஒரு சொல் விடாமல் ஒப்பித்துவிட்டான், திட்டு நியாயமானதுதான். இங்கு எல்லோரும் நலம். உன் முழங்காலை மருத்துவரிடம் காட்டினாயா?

சியாட்டிலில் மகள் வீட்டுக்கு வந்த இடத்தில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பழைய படகுக் கொட்டகையைப் பார்த்தேன். 1918இல் அமெரிக்கக் கடற்படை, தண்ணீரில் இறங்கும் தன் கடல்விமானங்களை நிறுத்துவதற்கென்று கட்டிய மரக் கட்டடம் அது. அவ்வாண்டே முதல் உலகப் போர் முடிந்துவிட, கொட்டகை பல்கலைக்கழக மாணவர்களின் துடுப்புப் படகுக் குழுவின் கைக்கு வந்தது. விமானத்துக்கு அளவெடுத்து வைத்த பெருங்கதவுகள் என்பதால், எட்டுப் பேர் துடுப்பிடும் 60 அடிப் படகைத் தோளில் தூக்கிக்கொண்டு எங்கும் இடிக்காமல் நேரே தண்ணீருக்குப் போய்விடலாம்.

ஆனால் உனக்கு எழுதத் தூண்டியது மேல்தளம். அங்கேதான் ஜார்ஜ் போகாக் என்ற தச்சர் பட்டறை வைத்திருந்தார். இங்கிலாந்தில் தந்தையிடம் தொழில் கற்று வந்தவர். சிவப்பு சீடர் மரத்தை மெல்லிய தகடுகளாக அறுத்து, ஆவியில் பதப்படுத்தி, சட்டத்தின்மேல் வளைத்துப் பொருத்துவார். அப்படிப் பிறந்த 'ஹஸ்கி கிளிப்பர்' என்ற படகில்தான் இப்பல்கலைக்கழக மாணவர்கள் 1936 பெர்லின் ஒலிம்பிக்கின் எட்டுப் பேர் படகுப் போட்டியில் இத்தாலியை 0.6 விநாடியில் முந்தித் தங்கம் வென்றார்கள், ஜெர்மனிக்கு மூன்றாமிடம். ஹிட்லர் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை ராஜாமணியிடம் சொல்லிவிடாதே, பரிசல் கதையை மறுபடி தொடங்கிவிடுவான்.

1949இல் குழு புதிய படகு இல்லத்துக்குக் குடிபெயர்ந்தது. ஹஸ்கி கிளிப்பரும் இப்போது அந்தப் புதிய இல்லத்தில் உணவுக்கூடத்தின் கூரையில் தொங்குகிறது. பழைய கொட்டகையைப் புதுப்பித்து விழாக்களுக்கும் தரப்போகிறார்களாம். பணம் வந்தால்தான் கட்டடம் நிற்கும் என்பது எனக்கும் புரிகிறது. ஆயினும் வண்ணவிளக்கும் வாடகை நாற்காலியும் வந்த இடத்தில் உளிக்கும் இழைப்புளிக்கும் என்ன மரியாதை மிஞ்சும்? வெற்றிக் கோப்பையைக் கண்ணாடிப் பெட்டியில் காட்டலாம். பட்டறையை அப்படிக் காட்ட முடியாது. கையால் தொட்டுப் பார்க்க ஒரு பலகையும், அதை வளைத்துக் காட்ட ஒரு தச்சரும் அங்கே இருந்தாக வேண்டும் என்பது என் கட்சி. மகள் சிரிக்கிறாள், நீ என் பக்கம் நிற்பாய் என்று நம்புகிறேன்.

ஆவியில் வளைத்த பலகை காய்ந்தபின் ஏன் நிமிர்வதில்லை என்பதை விளக்கி எழுது. பேத்தி கேட்கிறாள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அன்புடன்,
சிவராமன்