செயலாளர் ஆண்டறிக்கை: டார்ப்பிடோ மனுவும் செயற்குழு முடிவும்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டும் நம் சனிக்கிழமை ஃபுல் த்ரஸ்ட் ஆட்டங்கள், அதாவது பொம்மை விண்கப்பல்களை மேசையில் நகர்த்திப் பகடை உருட்டி ஆடும் போர் விளையாட்டு, தடையின்றி நடந்தன. புதிதாகச் சேர்ந்த சிலர் பெயின்ட் அடிக்காத கப்பல்களோடு வந்தார்கள். அப்படியே ஆண்டையும் முடித்துவிட்டார்கள். வரவு செலவைப் பொருளாளர் படிப்பார்.

செயற்குழுவின் நேரத்தை அதிகம் தின்றது ஒரே விஷயம்தான். ஆட்டத்தில் கப்பல்களுக்குப் பொருத்தும் ஆயுதங்களில் ஒன்றான பல்ஸ் டார்ப்பிடோ 'ஓவர் பவர்', அதன் விலையை, அதாவது அதைப் பொருத்தச் செலவாகும் புள்ளிகளை, ஏற்ற வேண்டும் என்று ஒரு மனு வந்தது. பதினைந்து அங்குல தூரத்தில் மூன்று டார்ப்பிடோ சுட்டு மூன்றும் பட்டு, ஒரு குரூசர் கப்பல் கந்தலாகிப் போனதுதான் காரணம். அது யாருடைய குரூசர் என்று கேட்கத் தேவையில்லை, மனு கொடுத்தவருடையதுதான். அந்தத் தூரத்தில் பகடையில் 4 அல்லது அதற்கு மேல் விழுந்தால் டார்ப்பிடோ படும். மூன்றும் படுவது எட்டில் ஒரு தடவை நடக்கிற சங்கதி, அதிசயமில்லை.

சரி, உண்மையிலேயே அது மலிவா? ஆட்டத்தின் 1998 ஃப்ளீட் புக் என்ற விதிப் புத்தகப்படி கணக்குப் போட்டோம். ஒரு டார்ப்பிடோவும், மூன்று ஆர்க் (சுடக்கூடிய திசைப் பகுதி) கொண்ட இரண்டு கிளாஸ்-2 பீமும் (கதிர்த் துப்பாக்கி) ஒரே எடை, ஒரே விலை. பீம் பகடையில் 4, 5 விழுந்தால் ஒரு சேதம், 6 விழுந்தால் இரண்டு, கூடவே இன்னொரு உருட்டல். சராசரி 0.8. பதினைந்து அங்குலத்தில் இரண்டு பீமுக்கும் சேர்த்து இரண்டு பகடை, அதாவது 1.6. டார்ப்பிடோ பாதி தடவை படும், பட்டால் ஒரு பகடையில் விழும் எண் அளவு சேதம், சராசரி 3.5. அதில் பாதி 1.75. கிட்டத்தட்ட சமம். பன்னிரண்டு அங்குலத்துக்குள் வந்தால் பீமின் பகடை இரட்டிப்பாகி 3.2, டார்ப்பிடோ ஆறு அங்குலத்துக்கு அப்பால் 2.33தான். பீமுக்குச் சுடும் ஆர்க்கும் அதிகம். மனுவைத் திருப்பிப் பிடித்து, பீமுக்கு விலை ஏற்றச் சொல்லியிருக்கலாம்.

ஆனால் எதிரிக் கப்பலில் லெவல்-2 ஸ்கிரீன் என்ற தடுப்புக் கவசம் இருந்தால் கதையே மாறுகிறது. பீம் பகடையின் சராசரி 0.47க்கு இறங்கும், டார்ப்பிடோ ஸ்கிரீனைக் கண்டுகொள்வதே இல்லை. ஆக, எதிரே என்ன கப்பல் நிற்கிறது என்று பார்க்காமல் ஆயுதத்துக்கு மட்டும் தனியாக நியாயம் சொல்ல முடியாது.

இன்னொன்று, சராசரி சமம் என்றாலும் அனுபவம் சமமில்லை. பீம் சேதம் ஒன்று இரண்டாகச் சொட்டும். டார்ப்பிடோ பாதி தடவை பூஜ்யம், மீதி தடவை ஐந்தோ ஆறோ கூட வரலாம். கப்பல் எவ்வளவு சேதம் தாங்கும் என்று காட்டும் ஹல் கட்டங்களின் ஒரு வரிசை தீர்ந்ததும் ஒவ்வொரு கருவியும் பழுதாகிறதா என்று பகடை உருட்டிப் பார்க்க வேண்டும் என்பதால், மொத்தமாக விழும் அடி முதல் சுற்றிலேயே குறிபார்க்க உதவும் ஃபயர் கண்ட்ரோலைக் கழற்றிவிடக்கூடும். நினைவில் நிற்பதும் அதுதான். படாமல் போன டார்ப்பிடோவைப் பற்றி யார் மனு கொடுப்பார்?

"பத்து ஆட்டத்தில் ஏழு தோற்றிருக்கிறோம்" என்றும் மனுத் தரப்பினர் கூட்டத்தில் சொன்னார்கள். இரு தரப்பும் முற்றிலும் சமமாக இருந்தாலும், குறிப்பிட்ட ஒரு தரப்பு பத்தில் ஏழோ அதற்கு மேலோ ஜெயிக்க 17 சதவீத வாய்ப்பு உண்டு. மறுபக்கம், நூற்றுக்கு அறுபது ஜெயிக்கக்கூடிய கடற்படைகூட பத்தில் ஐந்தைத் தாண்டாமல் போக 37 சதவீதம் வாய்ப்பு. பத்து ஆட்டத்தை வைத்து விதியைத் திருத்தினால் அடுத்த ஆண்டு மறுபடி திருத்த வேண்டிவரும்.

எனவே மனு தள்ளுபடி. டார்ப்பிடோ விலை அப்படியே இருக்கும். வரும் ஆண்டில் சமமா என்று சந்தேகமுள்ள கடற்படை ஜோடிகளை, அதே இருவர் தங்களுக்குள் கடற்படையை மாற்றிக்கொண்டு இரண்டு முறை ஆடுவார்கள். தூரம், ஸ்கிரீன், விழுந்த எண் மூன்றையும் குறித்து வைப்பார்கள். பகடையைக் கோப்பையில் போட்டுத்தான் உருட்ட வேண்டும் என்ற பழைய தீர்மானம் தொடர்கிறது. கோப்பை இரண்டைக் காணவில்லை. எடுத்துப் போனவர்கள் கொண்டுவந்து வைக்கவும்.

இவ்வறிக்கையை ஏற்குமாறு அவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்