பாலேயின் பின்வரிசைப் பெண்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கலைப் பகுதியில் அண்மையில் வெளியான கட்டுரையொன்று, பாலே நடனத்தில் உடற்பயிற்சி இருக்கும் அளவுக்குப் பாவம், அதாவது உணர்ச்சி வெளிப்பாடு, இல்லை என்றும், நாயகி கால்நுனியில் எத்தனை சுற்றுச் சுற்றினாள் என்று எண்ணிக் கைதட்டுவதே அதன் ரசனை என்றும் தீர்ப்பளித்திருந்தது. பாரிஸ் ஒப்பேராவின் நடனக் குழுவைப் பல பருவங்களாகப் பார்த்துவருபவள் என்ற முறையில் இதை மறுக்க விரும்புகிறேன். கட்டுரையாளர் நாயகியை மட்டுமே பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். தொழில்முறைப் பாலே எவ்வளவு உயரம் தொட்ட கலை என்பது, அவளுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிற, நிகழ்ச்சிநிரலில் பொடி எழுத்தில் பெயர் அச்சாகிற பெண்களிடம்தான் தெரியவரும்.

அவர்கள் நம் கண்ணில் எளிதில் படாததற்குக் காரணம் உண்டு. பரதநாட்டியக் கச்சேரியில் அலாரிப்பிலிருந்து தில்லானா வரை ஒருத்தியே ஆடுகிறாள். ஒரே பதத்தில் அவளே தலைவியாகவும் தோழியாகவும் மாறிக் காட்டுகிறாள். அதனால் நம் கண் முகத்துக்கும் கைக்கும் பழகிவிட்டது. சுமார் 2,700 பேர் அமரக்கூடிய, பாரிஸ் ஒப்பேராவின் பாஸ்தீய் அரங்கின் மேல்மாடத்திலிருந்து யாருடைய புருவ அசைவும் தெரியப்போவதில்லை. அங்கே போய் அபிநயத்தைத் தேடினால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்.

'லா பயதேர்' (கோயில் நடனக்காரி) என்ற பாலேயையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். அதற்கும் நமக்கும் ஒரு பழைய தொடர்பு இருக்கிறது. 1838ஆம் ஆண்டு, கடலூரை அடுத்த திருவந்திபுரம் கோயிலைச் சேர்ந்த தேவதாசிகள் சிலர் வாத்தியக்காரர்களோடு பாரிசுக்கு அழைத்துவரப்பட்டு, வரியேத்தே அரங்கில் ஆடினார்கள். பிரெஞ்சுக்காரர் 'அமானி' என்று எழுதிவைத்த இளம்பெண்ணையும் அவள் குழுவினரையும் கண்டு வியந்து பத்திரிகையில் எழுதியவர் கவிஞர் தியோஃபில் கோத்தியே. 1841இல் அரங்கேறிய 'ஜிசெல்' பாலேயின் கதையை எழுதியவர்களில் அவரும் ஒருவர். பின்னர் 1858இல் சகுந்தலையின் கதையையும் பாலேக்கு எழுதிக் கொடுத்தார். ஐரோப்பிய மேடையைப் பிடித்திருந்த அந்தக் கீழ்த்திசை மோகத்தின் தொடர்ச்சியாகவே நடன அமைப்பாளர் மரியுஸ் பெத்திபா 1877இல் சென்ட் பீட்டர்ஸ்பேர்க் நகரில் 'லா பயதேர்' பாலேயை அமைத்தார்.

அதன் கதையை நம்மவர் ஒருவரும் நம்பமாட்டார்கள். கோயிலில் ஆடும் நிக்கியா, அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு ராஜாவின் மகளை மணக்க உடன்படும் சொலோர், நிக்கியாமீது ஆசைப்படும் தலைமைப் பூசாரி, பூக்கூடைக்குள் ஒளிந்திருக்கும் பாம்பு, மேடையெங்கும் துள்ளித் திரியும் பக்கிரிகள், உடம்பெல்லாம் பொன் பூசிக்கொண்டு எழுந்தாடும் சிலை என்று எல்லாம் உண்டு. குழந்தைகளின் முகத்தில் கறுப்புச் சாயம் பூசி ஆடவிடும் வழக்கத்தைப் பாரிஸ் ஒப்பேரா 2015இல்தான் கைவிட்டது. முதல் இரண்டு அங்கங்களை நான் பொறுமையோடு இருந்து பார்ப்பது மூன்றாவதற்காகத்தான்.

'நிழல்களின் அங்கம்' எனப்படும் மூன்றாம் அங்கத்தில், பாம்பு கடித்து நிக்கியா இறந்துபோன துயரம் தாளாத சொலோர் அபின் புகைத்து மயங்குகிறான். இருண்ட மேடையின் பின்புறத்தில், உயரத்தில், வெண்ணிற உடையில் ஒரு பெண் தோன்றுகிறாள். நிற்கும் காலின் முழங்கால் சற்றே மடிய, மற்றக் காலைப் பின்னால் உயர்த்தி, உடலை முன்னோக்கி நீட்டுகிறாள். அரபெஸ்க் என்பது இதுதான். பிறகு நிமிர்ந்து, முதுகைப் பின்னால் வளைத்துக் கைகளைத் தலைக்கு மேல் கொண்டுபோய், ஓரிரு அடி வைத்துச் சரிவில் இறங்குகிறாள். அவள் விட்ட இடத்தில் அடுத்தவள் வந்து அதையே செய்கிறாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. இப்படி 32 பேர் இறங்கி முடிக்கும்வரை வேறு எதுவும் நடப்பதில்லை. முதலாவதாக வருபவள் அதே அசைவை முப்பது தடவைக்கு மேல், அதே உயரத்திலும் அதே வேகத்திலும் செய்தாக வேண்டும். வெளிச்சம் குறைவு, பாதத்தின் கீழே தரை சாய்ந்திருக்கிறது, தடுமாறினால் மறைந்துகொள்ள இடமில்லை.

எல்லோரும் சமதளத்துக்கு வந்து எண்மராக நான்கு வரிசை கட்டியதும் இன்னும் கடினமான கட்டம் தொடங்குகிறது. ஒரு காலை மெல்ல மடக்கி எடுத்துப் பக்கவாட்டில் நீட்டி, அப்படியே நிறுத்திப் பிடிக்கிறார்கள். தூரக்கண்ணாடியை முகங்களிலிருந்து தாழ்த்தித் தரையில் ஊன்றிய கால்களுக்குக் கொண்டுபோனால், கணுக்கால் ஒவ்வொன்றும் ஓயாமல் நுணுக்கமாகத் தன்னைச் சரிசெய்துகொண்டே இருப்பதைக் காணலாம். இடுப்புக்கு மேலே அதன் சுவடே இருக்காது. தலையிலிருந்து கைகளுக்கு ஓடும் மெல்லிய வலைத்துணிகூட அசைவதில்லை. அவர்களுக்கு நட்டுவாங்கத் தாளம் கிடையாது. இசையமைப்பாளர் மின்குஸ்ஸின் அந்த மெதுவான இசையில் அடித்துச் சொல்லும் தாளமும் இல்லை. பக்கத்தில் நிற்பவளைத் தலை திருப்பாமல் கடைக்கண்ணால் அளந்து, அவளுடைய மூச்சைக் கேட்டு ஆடுகிறார்கள். நாயகிக்காவது ஒரு சுற்றைக் கூட்டவோ குறைக்கவோ சுதந்திரம் உண்டு. இவர்களுக்கு அதுவும் இல்லை.

இதில் பாவம் எங்கே என்று கட்டுரையாளர் கேட்கக்கூடும். இறந்துபோன ஒருத்தியின் உருவம் அவளைக் கைவிட்டவனின் கண்முன்னே ஒன்று, இரண்டு, பத்து, முப்பது என்று பெருகிக்கொண்டே போகிறது. அத்தனையும் ஒன்றுபோலவே இருக்கின்றன. எதுவும் அவனைத் திரும்பிப் பார்ப்பதில்லை. குற்ற உணர்ச்சியை இதைவிடத் தெளிவாக எந்த முகத்தால் காட்ட முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. பாரிசில் இன்று ஆடப்படும் வடிவத்தை அமைத்தவர் நடனக் கலைஞர் ருடோல்ஃப் நூரியேவ். 1961 ஜூன் 16 அன்று, நான் வசிக்கும் லா குர்நெவுக்கு அடுத்துள்ள லு பூர்ஜே விமான நிலையத்தில், சோவியத் நடனக் குழுவிலிருந்து பிரிந்து அடைக்கலம் கேட்டவர் அவர். 1992 அக்டோபரில் இந்த பாலே அரங்கேறியபோது கடும் நோயுற்றிருந்தார். அடுத்த ஜனவரியில் காலமானார். பழைய வடிவத்தின் முடிவில் கோயில் இடிந்து விழும். அவர் அதைச் சேர்க்காமல், நிழல்களின் அங்கத்தோடேயே முடித்துவிட்டார். அது சரியான முடிவு.

நட்சத்திரங்களைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. கொரியாவிலிருந்து வந்து, 2021இல் இந்தக் குழுவின் எத்துவால் என்னும் உச்சப் படிநிலைக்கு உயர்ந்த முதல் ஆசியரான சே யுன் பாக், 2023இல் சோல் நகரில் 'ஜிசெல்' முடிந்த கையோடு அதே நிலைக்கு உயர்த்தப்பட்ட கியோம் தியோப் ஆகிய இருவரையும் காண்பதற்கென்றே நுழைவுச்சீட்டு வாங்கலாம். ஆனால் ஐந்து படிநிலைகள் கொண்ட இக்குழுவில் அவர்களும் வரிசையில் நின்று மேலே வந்தவர்களே. சிறுவயதில் நாந்தேரிலுள்ள பள்ளியில் சேர்ந்து, தேறி, குழுவில் இடம்பிடித்து, 42 வயதில் ஓய்வு பெறும்வரை வரிசையிலேயே நின்றுவிடும் கலைஞர்களும் பலர். அந்த ஓய்வூதிய ஏற்பாட்டை அரசு நீக்க முற்பட்டபோது, 2019 டிசம்பர் 24 அன்று, பாரிஸ் ஒப்பேராவின் பழைய அரங்கான ஒப்பேரா கார்னியேயின் வாசற்படிகளுக்கு முன்னால் குளிரில் வெள்ளுடையோடு 'அன்னப் பொய்கை' (ஸ்வான் லேக்) பாலேயின் ஒரு பகுதியை ஆடிக்காட்டினார்கள். அங்கேயும் ஆடியது கூட்டமாகத்தான்.

தங்கள் நாளிதழ் இனி பாலே பற்றி எழுதும்போது நாயகன், நாயகியோடு நிறுத்திவிடாமல், குழு எவ்வாறு ஆடியது என்பதற்கும் ஒரு பத்தி ஒதுக்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன். கட்டுரையாளருக்கும் ஒரு வேண்டுகோள். விலையுயர்ந்த முன்னிருக்கை வேண்டாம். அங்கே முதல் வரிசை எண்மர் மற்றவர்களை மறைத்துவிடுவார்கள். மேல்மாடத்தில் நடுப்பகுதியில் மலிவான இருக்கை ஒன்று கிடைத்தால் போதும், 32 பேரும் தெரிவார்கள். பரதநாட்டியம் பயிலும் பிள்ளைகளை அழைத்துச் செல்ல விரும்பும் பெற்றோருக்கு 'ஜிசெல்' இன்னும் ஏற்றது. அதன் இரண்டாம் அங்கத்தில் ஆவிப் பெண்கள் இரு பக்கங்களிலிருந்தும் ஒற்றைக் காலில் தத்தி வந்து ஒருவரையொருவர் ஊடறுத்துக் கடக்கும் இடத்தை, அடவு பழகும் பிள்ளைகளுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
லா குர்நெவ், பிரான்ஸ்.